வெர்னா தன் மருமகளுக்கு விற்ற துப்பாக்கி

எங்கள் ஊர் ஹார்லன் ஃபோர்க்கில் ஒரு பெண்ணுக்குக் கைத்துப்பாக்கி வேண்டுமென்றால் ஆர்வில் ஸ்டாம்ப்ஸின் கடைக்குத்தான் போவாள். ஆனால் ஆர்வில் நிற்கும் பக்கம் போகமாட்டாள். தூண்டில் புழு வைத்திருக்கும் குளிர்பெட்டியைத் தாண்டி, கண்ணாடி மேசையின் இடது கோடிக்குப் போவாள். அங்கேதான் வெர்னா ஸ்டைல்ஸ் நிற்பாள்.

ஐம்பத்தெட்டு வயது. உயரமான உடம்பு. கழுத்தில் சங்கிலி கட்டித் தொங்கும் மூக்குக்கண்ணாடி. பதினாறு வருஷமாக அந்த மேசைக்குப் பின்னால் நின்றவள். அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் கோழித் தொழிற்சாலையில் எலும்பு நீக்கும் வரிசையில் கத்தி பிடித்தவள். கணவன் ஹாலிஸ் தீவன லாரி ஓட்டினான். ஒரு ஆகஸ்ட் மத்தியானம் ஸ்டியரிங் மேலேயே சாய்ந்து போய்ச் சேர்ந்தான். அப்போது அவர்களுடைய ஒரே பிள்ளை ராய்ஸுக்குப் பதினோரு வயது.

துப்பாக்கிக் கடையில் அவளுக்கு வேலை கிடைத்ததே ஒரு வாய்த்துடுக்கினால்தான். புழு வாங்க வரிசையில் நின்றிருந்தாள். முன்னால் ஒரு பெண்ணிடம் ஆர்வில் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு குட்டித் துப்பாக்கியை நீட்டி, "உன் கைக்கு இதுதான்மா அழகு" என்றான்.

"அழகுக்கு வளையல் வாங்கிக்கலாமே, ஆர்வில்" என்றாள் வெர்னா பின்னாலிருந்து. "அந்த ஸ்லைடை இழுக்கச் சொல்லுங்க பாக்கலாம்."

அந்தப் பெண் இழுத்தாள். குண்டை உள்ளே ஏற்றப் பின்னால் இழுக்க வேண்டிய அந்த மேல் இரும்பு அசையவில்லை; அது அசையாமல் சுட முடியாது. முகம் சிவக்க மறுபடி இழுத்தாள். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், ஆர்வில் மட்டும் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் வெர்னாவை வேலைக்குக் கூப்பிட்டு விட்டான்.

எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லாரும் செய்கிற தப்பு அது. பெண்ணுக்குக் கை சின்னது, ஆகவே துப்பாக்கியும் சின்னதாக இருக்கட்டும் என்று பிறந்தநாளுக்கு, கிறிஸ்துமஸுக்கு ரிப்பன் கட்டிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். துப்பாக்கி சின்னதாக ஆக ஆக உள்ளே இருக்கும் ஸ்பிரிங் முறுக்காகிவிடும். சுட்டால் உதைப்பதெல்லாம் மணிக்கட்டில் வந்து விழும். பிடியில் இரண்டு விரல்தான் நிற்கும், மற்றது காற்றில் தொங்கும். ஒரு தடவை சுட்ட பெண் மறுபடி அதைத் தொடமாட்டாள். இது வெர்னாவுக்குத் தெரிந்த அளவு அந்த மாவட்டத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

போலீஸ்காரர்கள் இடுப்பில் வைக்கிற பெரியதையும் அவள் விற்கமாட்டாள். "வாங்குன மூணாம் நாள் இது டிராயருக்குள்ள போயிடும்மா. அவன் வர்ற அன்னிக்கு நீ டிராயர் பக்கத்துலயா நிப்ப?" என்பாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு ரகம் உண்டு. காம்பாக்ட் என்பார்கள். "சட்டைக்குள்ள மறையணும், கைக்குள்ள நிறையணும்." இதுதான் அவளுடைய விற்பனை வாசகம். தவிர ஒரு நிபந்தனையும் உண்டு. வாங்குகிறவள் தன் கையால், யார் உதவியும் இல்லாமல், ஐந்து தடவை ஸ்லைடை இழுத்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் விற்பனை இல்லை. புருஷன் கத்தினாலும் இல்லை.

இவ்வளவு விவரமாக மற்ற பெண்களின் உயிரைக் காக்கத் தெரிந்தவள், தன் சொந்தச் சமையலறையில் என்ன வளர்கிறது என்று பார்க்காமல் விட்டுவிட்டாள்.

ராய்ஸ் நல்ல பிள்ளைதான். அப்படித்தான் எல்லாரும் சொன்னோம். தேவாலயத்தில் பாடுவான், கிழவர்களுக்கு விறகு பிளந்து கொடுப்பான். ட்ரெஸ்ஸா கோபிள் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். வெர்னா நின்ற அதே எலும்பு நீக்கும் வரிசையில் நின்றவள் அவள். சின்ன உருவம், சத்தமில்லாத சிரிப்பு. மாமியாரை "வெர்னாம்மா" என்று கூப்பிடுவாள். ஐந்தாம் வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை, போனை எடுக்கத் தாமதமானதற்காக, ராய்ஸ் அவள் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து நெரித்தான். அவள் நினைவு தப்பி விழும்வரை விடவில்லை.

நீதிமன்றத்தில் அரசு வக்கீல் வெர்னாவைக் கூண்டில் ஏற்றினார். "மருமகள் கழுத்தில் என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டார்.

பெற்ற வயிறு ஒரு பக்கம். பார்த்த கண் ஒரு பக்கம். வெர்னா மகனைப் பார்க்காமல் சொன்னாள்: "பத்து விரல் தடம் பார்த்தேன்."

ஆறு வருஷம் தீர்ப்பானது. வெர்னா மாதத்துக்கு ஒரு ஞாயிறு நாலு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய் கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மகனைப் பார்த்துவிட்டு வருவாள். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை ட்ரெஸ்ஸா வீட்டுக்குப் போய் ஒரு வாணலி சோளரொட்டி வைத்துவிட்டு வருவாள். விவாகரத்து ஆகியும் அந்தப் பெண் வெர்னாம்மா என்றே கூப்பிட்டாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் அந்தத் தாய் எப்படி இரண்டாகப் பிளந்து நடந்தாளோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

மூன்று வருஷம் முடிந்தபோது, ஒரு செப்டம்பர் காலையில், ட்ரெஸ்ஸாவின் போனில் ஒரு இயந்திரக் குரல் பேசியது. கைதி ராய்ஸ் ஸ்டைல்ஸ் இருபத்தொரு நாளில் பரோலில் விடுவிக்கப்படுவார் என்றது. செய்தியைத் திரும்பக் கேட்க ஒன்றை அழுத்தவும் என்றது.

அந்த வாரமே ட்ரெஸ்ஸா கடைக்கு வந்தாள். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு பெண் இடது கோடிக்குப் போகாமல் ஆர்விலிடம் போய் நின்றாள்.

"எனக்கு ஒரு துப்பாக்கி வேணும், மிஸ்டர் ஆர்வில்."

ஆர்வில் ஓரக்கண்ணால் வெர்னாவைப் பார்த்தான். பாவம், அவனுக்கும் தர்மசங்கடம். அவசரத்தில் பழைய புத்திதான் வந்தது. இருப்பதிலேயே குட்டியானதை எடுத்து நீட்டினான்.

ட்ரெஸ்ஸா இழுத்தாள். பதின்மூன்று வருஷம் நிமிஷத்துக்கு இத்தனை என்று கோழி நெஞ்சை அறுத்த விரல்கள் அவை. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடிப்பே இல்லை. மணிக்கட்டில் இரண்டு அறுவை செய்த தழும்பு. ஸ்லைடு ஒரு நூல்கூட நகரவில்லை.

"எண்ணெய் போட்டா சரியாயிடும்" என்றான் ஆர்வில்.

"அவ விரலுக்கா போடப் போறீங்க?" என்றாள் வெர்னா. எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. "தள்ளுங்க ஆர்வில். போய்ப் புழுவுக்குத் தண்ணி தெளிங்க."

ட்ரெஸ்ஸா தலை குனிந்தாள். "நீங்க வேண்டாம் வெர்னாம்மா. நான் வேற ஊர்ல வாங்கிக்கிறேன். இது யாருக்காகன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"வேற ஊர்க்காரன் இதே எலிக்குஞ்சைத்தான் தலையில கட்டுவான். கையை நீட்டு."

கை நீண்டது. வெர்னா அந்த உள்ளங்கையைத் தன் கையில் வாங்கி, தையற்காரி அளவெடுப்பதுபோல விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கண்ணாடிக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து வைத்தாள். கறுப்பு நிறம். பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை.

"இது காம்பாக்ட். பாரு, சுடுற விரல் போக மூணு விரலும் பிடியில நிக்குது. ஒண்ணும் வெளியே தொங்கல. குண்டு கொஞ்சம் சின்ன சைஸ், அதனால ஸ்பிரிங் இளக்கமா இருக்கும். உதைக்காது. எடை ஒரு பெரிய டப்பா சூப்பு அளவுதான், நாள் பூரா இடுப்புல இருந்தாலும் மறந்துடுவ. தொழிற்சாலையிலேருந்து வந்து சட்டை மாத்துறப்பவும் கூடவே இருக்கணும். பையில போடாத. பையை முதல்ல பிடுங்குவான்."

பையை முதலில் பிடுங்குவான் என்று சொன்னபோது அவள் குரல் ஒரு கணம் நின்றது. யார் பிடுங்குவான் என்று அந்தக் கடையில் மூன்று பேருக்கும் தெரியும். ஒவ்வொரு சிறப்பாகச் சொல்லிச் சொல்லி அவள் விற்றது எதை? தன் பிள்ளையின் நெஞ்சுக்கு நேரே நீளப்போகும் இரும்பை! உலகத்தில் எந்தத் தாய் நின்று வியாபாரம் பேசினாள் இப்படி?

"இழு" என்றாள்.

பாதி வந்தது, நழுவியது.

"விரலால இழுக்காத. உன் விரல் செத்துப் போச்சு, எனக்கும் அப்படித்தான். நெஞ்சோட சேர்த்துப் பிடி. இந்தக் கையால ஸ்லைடை மேலேருந்து மொத்தமா கவ்விக்க. இப்ப அதை இழுக்காம இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, துப்பாக்கி பிடிச்ச கையை முன்னாடி தள்ளு. கதவைத் தள்ளுற மாதிரி. உடம்போட தள்ளு!"

படார் என்று ஸ்லைடு திறந்து மூடியது. ட்ரெஸ்ஸா திடுக்கிட்டு மாமியாரைப் பார்த்தாள்.

"ஒண்ணு" என்றாள் வெர்னா.

ஐந்தும் முடிந்த பிறகுதான் படிவத்தை எடுத்தாள். வாங்குகிறவள் மேல் வழக்கு ஏதும் உண்டா என்று சரிபார்க்கப் போன் போட்டாள். தடையில்லை என்று பதில் வந்தது. விற்பனையாளர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஆர்வில் புழுப்பெட்டியைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றான். அழுதானோ என்னவோ.

இரண்டு சனிக்கிழமை ஆர்விலின் சரளைக்கல் குழியில் பயிற்சி நடந்தது. ஏழடி தூரத்தில் பலகை, பலகையில் காகித மனிதன். காகித மனிதர்களுக்கு முகம் போடுவதில்லை. வெர்னாவுக்கு மட்டும் அதில் ஒரு முகம் தெரிந்தது.

"எங்க பாக்கணும் வெர்னாம்மா?"

"நெஞ்சு" என்றாள் அவள். "நடு நெஞ்சு." அதைச் சொல்லிவிட்டு வண்டிக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

ராய்ஸ் அக்டோபர் முதல் வாரம் வெளியே வந்தான். அவனுக்குப் பரோல் கொடுத்த முகவரி அம்மாவின் வீடு. சிறைக்குப் போய் வந்தவன் இருக்கும் வீட்டில் துப்பாக்கி இருக்கக்கூடாது என்பது விதி. ஆகவே பதினாறு வருஷமாக இடுப்பில் இருந்த தன் துப்பாக்கியைக் கழற்றிக் கடைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, வெறுங்கையோடு மகனை அழைத்து வந்தாள் வெர்னா.

எட்டு நாள் அந்த வீட்டில் விளக்கு எரிந்தது. ராய்ஸ் இளைத்திருந்தான். அம்மா செய்த பீன்ஸை மூன்று தட்டு சாப்பிட்டான். வாசல் படியைப் பழுது பார்த்தான். "உன் குழம்பை நினைச்சு நினைச்சே மூணு வருஷத்தை ஓட்டினேம்மா" என்று அவள் தோளில் முகம் வைத்தான். தாய்மனசு கரைந்தது. மாறிவிட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றாமல் எப்படி இருக்கும்?

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தேவாலயம் முடிந்து வந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள்.

"ட்ரெஸ்ஸா மில் ரோட்டுல அந்த வெள்ளை வீட்டுலதான் இருக்காளாமே" என்றான் ராய்ஸ், கோழியைக் கிழித்துக்கொண்டே. "சர்ச்சுல ஒருத்தன் சொன்னான்."

வெர்னாவின் கையில் கரண்டி நின்றது. "அவ பக்கமே போகக்கூடாதுன்னு கையெழுத்துப் போட்டுத்தான் வந்திருக்க."

"பேசத்தான் போறேன். புருஷன் பொண்டாட்டி பேசக்கூடாதா?"

"நீ புருஷன் இல்ல."

அவன் தாடை இறுகியது. வெர்னாவுக்கு அந்தத் தாடையைத் தெரியும். எட்டு நாள் போட்டிருந்த வேஷம் அந்த ஒரு நொடியில் கழன்று விழுந்தது.

"ராய்ஸ், அவகிட்ட துப்பாக்கி இருக்கு."

"யார் கொடுத்தா?"

"நான்தான் வித்தேன்."

அவன் தட்டைத் தள்ளினான். பிறகு, யாரும் எதிர்பாராதபடி, விழுந்து விழுந்து சிரித்தான்.

"பெத்த புள்ளைக்கு எதிரா நீயே வித்தியா? நல்ல அம்மா! கூண்டுல ஏறிச் சொன்னது பத்தலையா உனக்கு?" கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அட போம்மா. ஊறுகாய் பாட்டில் மூடிகூடத் திறக்க வராது அவளுக்கு. நான்தான் திறந்து கொடுப்பேன். அந்த ஸ்பிரிங்கை அவ எங்க இழுக்கிறது? ரெண்டு தடவை இழுப்பா, வராது, அழுவா. நான் கையிலேருந்து வாங்கி அலமாரி மேல வச்சிடுவேன்."

அவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

"ரோஸ் கலர்ல குட்டியா ஒண்ணு விப்பீங்களே, அதா? எங்க வச்சிருக்கா? பையிலயா, இடுப்புலயா?"

அந்த இடத்தில்தான், வாசகர்களே, ஒரு தாயின் நாக்கு கல்லாகிப்போனது.

அவளால் இழுக்க முடியும்டா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் கற்றுக்கொடுத்தேன், விரலால் இல்லை, உடம்பால் தள்ளுவாள் என்று சொன்னால் அவன் பயந்து உட்கார்ந்துவிடலாம். மகன் பிழைப்பான். ஆனால் வெர்னாவுக்கு இன்னொன்றும் தெரியும். ராய்ஸ் உட்காருகிறவன் இல்லை. அந்தப் பெண்ணால் சுட முடியும் என்று தெரிந்தால் கதவைத் தட்டமாட்டான். காருக்குப் பின்னால் குந்திக் காத்திருப்பான். பின்னாலிருந்து கழுத்தைப் பிடிப்பான். ட்ரெஸ்ஸாவுக்கு இருந்த ஒரே பலம் அவனுடைய அந்தத் தப்புக் கணக்கு. அதை எடுத்து அவன் கையில் கொடுப்பதா?

"போகாதே" என்று மட்டும் சொன்னாள். "உன் காலைப் பிடிச்சுக் கேக்கிறேன் ராய்ஸ், போகாதே."

அவன் ஆணியில் மாட்டியிருந்த அம்மாவின் பிக்கப் லாரிச் சாவியை எடுத்தான். வெர்னா ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் கைகளை விரித்து நின்றாள். அவன் பின்பக்கமாகவே ஓட்டி, வேலியை இடித்துக்கொண்டு, ரோட்டில் ஏறிப் போய்விட்டான். புழுதி அடங்கும் வரை அவள் கைகளை விரித்தபடியே நின்றாள்.

பிறகு உள்ளே ஓடினாள். ஷெரிஃப் ஆபீஸுக்குப் போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு வண்டிதான், அதுவும் ஏரிப் பக்கம் போயிருக்கிறது, நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். மில் ரோட்டுக்குப் பதினைந்து நிமிஷம். அடுத்த போன் ட்ரெஸ்ஸாவுக்கு.

"வர்றான்மா. என் லாரியில. கதவைப் பூட்டு."

அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"ட்ரெஸ்ஸா, கேக்குதா? ஸ்லைடை இப்பவே தள்ளி வச்சுக்க. அவன் வாசலுக்கு வந்தப்புறம் தள்ளாத. இப்பவே."

"சரி வெர்னாம்மா."

போனை வைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். எந்தச் செய்திக்காக ஜெபிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கைகளை மட்டும் கூப்பினாள்.

ஆர்வில்தான் அவளை ஷெரிஃப் ஆபீஸுக்கு அழைத்துப் போனான். அந்தி வெயில் ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு. அதில் ட்ரெஸ்ஸா உட்கார்ந்திருந்தாள். சுட்ட கையில் ஒட்டிய வெடிமருந்துத் தடம் எடுக்கிற ஆள் பெரிய ஊரிலிருந்து வரும் வரை, அவளுடைய இரண்டு கைகளையும் பழுப்புக் காகிதப் பைக்குள் விட்டு மணிக்கட்டில் டேப் ஒட்டி வைத்திருந்தார்கள். மளிகைக் கடைப் பைகள். அவற்றை மடியில் வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்திருந்தாள். கதவு உடைந்தபோது பட்ட சிராய்ப்பு நெற்றியில் காய்ந்திருந்தது.

துணை ஷெரிஃப் லானி ப்ரூவெட் தொப்பியைக் கழற்றினான். "மிஸ் வெர்னா..." என்றான். மேலே சொல்லத் தேவையும் இல்லை.

வெர்னா பெஞ்சில் உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரம் ஓடியது.

"கையை நீட்டினான் வெர்னாம்மா" என்றாள் ட்ரெஸ்ஸா கடைசியில். "கதவை உதைச்சுட்டு உள்ள வந்தான். என் கையில பார்த்தான். 'கொடு கண்ணு, உன்னால அதை இழுக்க முடியாது'ன்னான். ஏற்கெனவே தள்ளியாச்சு, கிட்ட வராதேன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். சத்தியமா ரெண்டு தடவை சொன்னேன். சிரிச்சுக்கிட்டே வந்தான். கழுத்துல கை வச்சான். அப்புறம்தான்."

"நீ சொன்னா நம்ப மாட்டான்."

"ஆமா."

"நான் சொன்னா நம்பியிருப்பான்."

ட்ரெஸ்ஸா திரும்பினாள்.

"சாப்பாட்டு மேசையில வச்சுக் கேட்டான்" என்றாள் வெர்னா. குரல் வேறு யாருடையதோபோல இருந்தது. "அவளால இழுக்க முடியாதுன்னு சிரிச்சான். நான் பதினாறு வருஷமா இதை விக்கிறவ. நான் ஒரு வார்த்தை, முடியும்டான்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பான். சொல்லல."

"சொல்லியிருந்தா?"

"வீட்டுலயே உட்கார்ந்திருப்பான். இல்லாட்டி உன் காருக்குப் பின்னாடி ஒளிஞ்சிருப்பான். எதுன்னு எனக்குத் தெரியல ட்ரெஸ்ஸா. இனிமே எப்பவும் தெரியப்போறதில்ல."

ட்ரெஸ்ஸா காகிதப் பைகளைத் தூக்கி முகத்தை மூடிக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை. காகிதம் சரசரத்தது.

வெர்னா எழுந்துபோய்க் காகிதக் கோப்பையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்தப் பெண்ணின் தாடையைத் தன் கையில் ஏந்தி, வாயில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். தண்ணீர் கழுத்தில் வழிந்தது. கழுத்தில் புதுத் தடம் சிவந்திருந்தது. அதை வெர்னா பார்த்தாள். தன் சட்டைக் கையால் மெதுவாக ஒற்றினாள்.

லானி திரும்பவும் வந்து நின்றான். "மிஸ் வெர்னா, நீங்க உள்ள வரணும். அவன்தான்னு சொந்தக்காரங்க யாராவது பார்த்துச் சொல்லணும்."

"நானும் வரட்டுமா?" என்றாள் ட்ரெஸ்ஸா, எழுந்தபடி.

"நீ வரக்கூடாதும்மா" என்றான் லானி. "விசாரணை முடியுற வரைக்கும்."

வெர்னா காலிக் கோப்பையைப் பெஞ்சில் வைத்தாள். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"நீ இரு" என்றாள். "உனக்கும் சேர்த்து நானே பார்த்துட்டு வரேன்."